மாட்டுக்காரன் பாட்டு இல்ல பாஸ்!

'கன்ட்ரி மியூசிக்'னு சொன்னாலே எங்க ஹாஸ்டல்ல ஓட்டித் தள்ளிடுவாங்க. "தொப்பி, பூட்ஸ், குதிரை... மாட்டுக்காரன் பாட்டுடா அது!" அந்த ஓட்டுற கும்பலுக்குத் தலைவனே நான்தான். ராக், ஃபோக் தவிர எதையும் காதுல ஏத்த மாட்டேன்னு சபதம் வேற!

சபதத்தைக் கவுத்தது பாப் டிலன். ஃபோக் கிங்கான அவரே 1969-ல 'நாஷ்வில் ஸ்கைலைன்'னு கன்ட்ரி ஆல்பம் போட்டிருக்கார். முதல் பாட்டே ஜானி கேஷ்கூட டூயட். யாருப்பா இந்த கேஷ்னு தேடினா, 1968-ல ஃபோல்சம் ஜெயிலுக்குள்ள போய் கைதிகளுக்குப் பாடி, அதையே ஆல்பமா விட்ட மனுஷர். ராக் பார்ட்டிகளே, அந்த ஆல்பத்துல ஆரம்பிங்க.

அடுத்து ஆல்ட்-கன்ட்ரி. கன்ட்ரியோட கதையையும் பங்க் ராக்கோட கோபத்தையும் ஒரே குக்கர்ல வெச்ச மாதிரி! இலினாய் மாநிலம் பெல்வில் ஊர்ப் பசங்க 'அங்கிள் டுபெலோ', 1990-ல 'நோ டிப்ரஷன்' ஆல்பம் போட்டாங்க. அந்தப் பேர்லயே 1995-ல ஒரு மியூசிக் பத்திரிகை வந்துச்சுன்னா பார்த்துக்கோங்க. 1994-ல பேண்ட் உடைஞ்சு, ஜெஃப் ட்வீடி 'வில்கோ'வும், ஜே ஃபாரர் 'சன் வோல்ட்'டும் ஆரம்பிச்சாங்க. ரெண்டுமே செம!

அந்த ஆல்பத்தோட முதல் பாட்டு 'கிரேவ்யார்ட் ஷிஃப்ட்'. அதாவது, நைட் ஷிஃப்ட். எங்கப்பாவுக்கும் மில்லுல அதே நைட் ஷிஃப்ட்தான். நான் ஸ்கூலுக்குக் கிளம்பறப்ப அவர் படுக்கப் போவார். "எப்பப் பாரு தூக்கமாப்பா?"ன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். இந்தப் பாட்டைக் கேட்ட ராத்திரி, அவரோட டீ டைம் பார்த்து போன் அடிச்சேன். "என்னடா, ஃபீஸ் கட்டணுமா?"ன்னார். "இல்லப்பா, சும்மா... சாப்பிட்டியா?"ன்னேன். கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

ஃபோக் பிரியர்களுக்கு ரெண்டு பேர். ஒண்ணு, லூசிண்டா வில்லியம்ஸ். இவங்களோட 1998 ஆல்பம் 'கார் வீல்ஸ் ஆன் எ கிராவல் ரோடு' கிராமி வாங்கினதே ஃபோக் பிரிவுலதான். வேலி அவ்ளோ மெல்லிசு! இன்னொருத்தர், டவுன்ஸ் வான் ஸான்ட். இவரோட 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யை 1983-ல வில்லி நெல்சனும் மெர்ல் ஹாகர்டும் பாடி ஹிட்டாக்கினாங்க. ஆனா, டவுன்ஸ் தனியா கிடாரோட பாடுறதைக் கேளுங்க. நடுராத்திரி, லைட்டை ஆஃப் பண்ணிட்டு!

இவ்ளோவும் கேட்டுட்டு, அப்புறமும் பிடிக்கலையா? தாராளமா ஓட்டுங்க மச்சி. என்னை மாதிரி கேக்காமலே மட்டும் ஓட்டாதீங்க!