குப்பை எங்கே போகிறது?

காலையிற் குப்பை லொறியின் ஓசை கேட்டதும் இரத்மலானையில் எங்கள் ஒழுங்கை முழுவதும் பரபரப்படையும். பைகளும் வாளிகளும் படலையடிக்கு விரையும். லொறி அப்பால் நகர்ந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. "குப்பை போய்விட்டது" என்கிறோம். போய்விட்டது உண்மைதான். ஆனால் எங்கே போயிற்று? அதனை நாம் கேட்பதில்லை.

2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி இந்த வினாவுக்குக் கொடிய விடையொன்று கிடைத்தது. அன்று சித்திரைப் புத்தாண்டு. கொலன்னாவையை அடுத்த மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்து கிடந்த கொழும்பு நகரத்துக் குப்பை சரிந்து குடியிருப்புகளின்மேல் வீழ்ந்தது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் சேதமுற்றன. புத்தாண்டு பிறந்த நாளே அவ்வூருக்குத் துக்க நாளாயிற்று.

அந்த மலையை எழுப்பியவர் யார்? வெள்ளவத்தையில் நாம் அரிந்தெறிந்த கத்தரிக்காய்க் காம்பும், கொட்டாஞ்சேனையிற் கழித்துவிட்ட கீரைத் தண்டும் அங்கேதான் சென்றன. அதற்கு முன்னர், 2009ஆம் ஆண்டளவு வரை, கொட்டாஞ்சேனைக்கு அயலிலுள்ள புளூமெண்டால் பகுதியில் நகரக் குப்பை குவிக்கப்பட்டு வந்தது. அங்குள்ளோர் பட்ட துன்பம் நீதிமன்றம் வரை சென்றபின், குப்பை மீதொட்டமுல்லைக்குப் பெயர்ந்தது. எங்கள் இரத்மலானைக் குப்பையோ நெடுங்காலமாகக் கரதியான சதுப்பு நிலத்தை நோக்கிப் பயணஞ் செய்து வந்தது. ஓரூரார் துன்பத்தை இன்னோரூராருக்கு மாற்றினோமேயன்றி, அதனைக் குறைத்தோமில்லை.

நமது நாட்டு வீடுகளிலிருந்து வெளியேறும் குப்பையிற் பாதிக்கு மேற்பட்டது உக்கிப் போகக்கூடிய பொருளே. மலையாகக் குவித்து அமுக்கும்போது அதனுள்ளே காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை அழுகச் செய்யும். துர்நாற்றமும் மெதேன் வாயுவும் கிளம்பும். கரிய கழிவுநீர் நிலத்தில் ஊறும். அதே பொருளைக் காற்றோட்டத்துடன் நம் வளவில் வைத்தால், சில திங்களில் மண்வாசனை வீசும் எருவாகும். பொருள் ஒன்றே, காற்று உண்டா, இல்லையா என்பதே வேறுபாடு.

இதனை நான் நூலிற் படித்திருந்தும், அனுபவத்திற் கற்றது அவமானப்பட்ட பின்னரே. சில ஆண்டுகளுக்கு முன் கூட்டெருப் பீப்பா ஒன்றை வாங்கி மதிலோரத்தில் வைத்தேன். மரக்கறிக் கழிவு, பழத்தோல், மிஞ்சிய சோறு எல்லாவற்றையும் நாள்தோறும் அதனுட் கொட்டினேன். இரண்டு வாரம் ஆகவில்லை. புழு நெளிந்தது, ஈ மொய்த்தது. அயல்வீட்டுச் சிங்கள அம்மையார் மதிலருகே வந்து, "மாஸ்டர், இந்தப் பக்கத்து யன்னலைத் திறக்க முடியவில்லையே" என்றார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தாற் கூட எனக்கு இத்துணை நாணம் உண்டாகியிராது. லொறி செய்ததையே நானும் செய்திருந்தேன். என் குப்பையை இன்னொருவர் வாசலுக்கு அனுப்பியிருந்தேன்!

பீப்பாவை அகற்றிவிடலாம் என்று எண்ணிய வேளையில் என் தாயார் தடுத்தார். "தம்பி, ஈரத்தை மட்டும் கொட்டினால் நாறாமல் என்ன செய்யும்? மேலே சருகைப் போடு" என்றார். யாழ்ப்பாணத்திலே வேலியிற் பழுதான பனையோலையையும் பூவரசங் குழையையும் தோட்டத்தில் தாழ்த்திப் பசளையாக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். வீட்டிற் கழிந்ததெல்லாம் மண்ணுக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் கண்ட ஒழுங்கு.

தாயார் கூறியதைத்தான் விவசாய விஞ்ஞானமும் கூறுகிறது. அல்பேட் ஹாவாட் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1924 முதல் இந்தூர் நகரில் ஆராய்ச்சி நடத்தி, இலை தழைகளையும் சாணத்தையும் அடுக்கடுக்காக இட்டுக் கிளறி எருவாக்கும் முறையை வகுத்தார். யஷ்வந்த் வாட் என்பாருடன் சேர்ந்து 1931இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். இந்திய உழவரையே தம் ஆசிரியராக மதித்தவர் அவர். நுண்ணுயிர்கள் செவ்வனே தொழிற்பட நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் ஏறக்குறைய 30 பங்கு வேண்டும். பச்சைக் கழிவில் நைதரசன் மிகுதி. சருகிற் காபன் மிகுதி. என் பீப்பா நாறியதன் காரணம் இப்பொழுது விளங்குகிறதன்றோ?

ஆதலால் செய்ய வேண்டியவை மிக எளியன. அடியிலும் பக்கத்திலும் துளையுள்ள பீப்பாவை மண்மேல் வைத்து, முதலிற் சிறு சுள்ளிகளைப் பரப்புக. ஒரு பங்கு ஈரக் கழிவுக்கு இரு பங்கு சருகு இட்டு, இடையிடையே ஒரு பிடி மண் தூவுக. வாரமொருமுறை தடியாற் கிளறுக. கையிலெடுத்துப் பிழிந்தால் ஈரம் தெரியவேண்டும், நீர் ஒழுகலாகாது. மீன், இறைச்சி, எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைச் சேர்த்தல் எலியை அழைத்தலாகும். சிரட்டை எளிதில் உக்காது. வெளியே கிடந்தால் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகும். மூன்று நான்கு திங்களில் அடியிலிருந்து கரிய எரு கிடைக்கும். தொடர்மாடியில் வாழ்வோர் துளையிட்ட மட்பானையிலும் இதனைச் செய்யலாம்.

பொறுமை மட்டும் வேண்டும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தி, சில மாதங்களுக்குள் அம்முடிவைக் கைவிட நேர்ந்ததை நம் நாடு மறக்கவில்லை. எரு ஒரு நாளில் விளைவதன்று. வீட்டுப் பீப்பா நாட்டின் வயல்களுக்கெல்லாம் போதாது. ஆனால் நம் வீட்டுக் குப்பையைப் பாதியாகக் குறைக்க அது போதும்.

இப்பொழுது அயல்வீட்டு யன்னல் திறந்தே இருக்கிறது. முன்னர் தம் மாமரத்துச் சருகைக் கூட்டி எரித்து வந்த அம்மையார், இன்று அதனைச் சாக்கிற் கட்டி மதிலுக்கு மேலாக என்னிடம் தருகிறார். லொறி வரும் நாளில் என் கையிலுள்ள பையும் இலேசாயிருக்கிறது.

மாணவ நண்பர்களே, "குப்பை போய்விட்டது" என்று வீட்டில் எவரேனும் கூறினால், "எங்கே?" என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலை தொடங்குகிறது.