ஆங்கிலம் படிக்க லண்டன் போக வேண்டுமா?

சென்ற ஆடிக் கிருத்திகையன்று பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயிலில் தரிசனம் முடித்து, பிரசாதத் தொன்னையோடு நின்றிருந்தேன். மேற்கு மாரெட்பள்ளி நண்பர் ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "சார், பையனுக்கு இங்கிலாந்திலே எம்.எஸ்.ஸுக்கு இடம் கிடைச்சாச்சு. ஆனா ஐ.இ.எல்.டி.எஸ்.லே அரை பாயிண்ட் குறையுதாம். முதல்லே பத்து வாரம் அங்கேயே வந்து இங்கிலீஷ் படிக்கணுமாம். அதுக்குத் தனி ஃபீஸ். வீட்டுப் பத்திரத்தை பாங்கிலே வைக்கலாமான்னு பாக்கறேன்" என்றார்.

பையன் எல்.கே.ஜி.யிலிருந்து பி.டெக். வரை இங்கிலீஷ் மீடியம். பதினெட்டு வருஷம் ஆங்கிலத்திலேயே படித்தவனுக்கு இன்னும் பத்து வாரம் ஆங்கிலமா என்று கேட்க வாய் வந்தது. சன்னதி வாசலில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்லிவிடுகிறேன். அவரைப் போல இன்னும் பலர் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

மாரெட்பள்ளியில் ஆட்டோ ஏறினால் மெட்டுகுடா தாண்டிச் சற்று நேரத்தில் தார்நாகா. அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது 'இஃப்லு' என்னும் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம். 1958இல் மத்திய ஆங்கிலக் கல்வி நிலையமாகத் தொடங்கி, 1972இல் 'சீஃபெல்' என்று பெயர் மாறி, பிறகு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியப் பல்கலைக்கழகமானது. நம்மில் பழையவர்கள் இன்னும் சீஃபெல் என்றுதான் சொல்வோம். 1964இல் நம் அரசு ஆரம்பித்த ஐடெக் திட்டத்தின் கீழ் மத்திய ஆசியா, ஆப்பிரிக்கா, தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து அதிகாரிகளும் ஆசிரியர்களும் இங்கே ஆங்கிலம் கற்க வருகிறார்கள். 'வெளிநாடு போய் ஆங்கிலம் படித்தேன்' என்று அவர்கள் ஊரில் போய்ச் சொன்னால், அந்த வெளிநாடு நம் தார்நாகாதான்!

அவர்களைக் கடைத்தெருவில் பார்த்திருக்கிறேன். தக்காளி விலையை அரைகுறை ஆங்கிலத்தில் கேட்பார்கள். இலக்கணம் காலை வாரிவிடும். கூச்சமே கிடையாது. கடைக்காரர் ஹைதராபாத் ஹிந்தியைக் கலந்து பதில் சொல்வார். வியாபாரம் நடந்துவிடும். மறுவாரம் அதே மனிதர் இன்னும் நீளமாகப் பேரம் பேசுவார்.

நம் பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள்? அந்தத் தேர்வில் நேரில் பேசும் பகுதி மொத்தமே 11 முதல் 14 நிமிஷம். நடுவில் ஒரு அட்டையைக் கொடுப்பார்கள். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அதிலுள்ள விஷயம் பற்றி இரண்டு நிமிஷம் வரை பேச வேண்டும். கோச்சிங் சென்டரில் மனப்பாடம் செய்தது முதல் அரை நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தேர்வாளர் "ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேட்டால் பையன் கூரையைப் பார்ப்பான். எழுத்துத் தேர்வில் 250 சொல் கட்டுரையிலும் அவன் சொந்த அபிப்பிராயத்தைத்தான் கேட்கிறார்கள். பதினெட்டு வருஷத்தில் பள்ளியிலோ வீட்டிலோ அவனை யாராவது அபிப்பிராயம் கேட்டதுண்டா?

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மாவிடம் பாதித் தமிழ், நண்பனிடம் பாதித் தெலுங்கு, ஆட்டோக்காரரிடம் கால் ஹிந்தி என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு எந்த மொழியிலும் இரண்டு நிமிஷம் தொடர்ந்து பேச்சு வருவதில்லை. இது ஆங்கிலக் குறையே இல்லை. பத்து வாரம் லண்டனில் உட்கார்ந்தால் தீர்ந்துவிடுமா?

வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரர்களே அவரைப் புகழ்ந்தார்கள். 1922இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா மூன்றிலும் இந்தியருக்காகப் பேசினார். எல்லோரும் சாஸ்திரியார் ஆக முடியாதுதான். நான் தமிழ் மீடியத்தில் படித்து, தட்டுத்தடுமாறி டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். அன்றன்று பார்த்த வேலையை மாலையில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதிக் காட்டச் சொல்வார் என் மேலதிகாரி. சிவப்பு மையால் திருத்துவார். ஒரு வருஷத்தில் சிவப்பு குறைந்துவிட்டது.

அங்கே நடத்தும் ஆங்கில வகுப்புகள் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டியவர்களுக்கு அவை பயன்படலாம். ஆனால் அரை பாயிண்டுக்காக என்றால் முதலில் மறுதேர்வு எழுதட்டும். குறைந்த ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் வசதி 2023 முதல் இந்தியாவில் இருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகமும் அதை ஏற்பதில்லை, கேட்டுக்கொண்டு எழுத வேண்டும். தேர்வுக் கட்டணம் ஆயிரங்களில், அந்தப் பத்து வாரச் செலவோ லட்சங்களில்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. "டிகிரி வேண்டாம், முதலில் ஆங்கிலக் கோர்ஸ் விசாவில் போகட்டும், பார்ட் டைம் வேலை பார்த்துக் கடனை அடைக்கலாம்" என்று சில ஏஜெண்டுகள் ஆசை காட்டுகிறார்கள். பிரிட்டனில் ஆங்கிலம் மட்டும் படிக்கத் தரும் 6 முதல் 11 மாத விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. அதை நீட்டிக்கவும் முடியாது. கனடாவிலும் மொழிப் படிப்பு மட்டும் படிப்பவர்கள் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யக் கூடாது. கையெழுத்துப் போடுமுன் அந்தந்த அரசின் விதிகளைத் தகப்பனார்கள் தாங்களே படித்துவிட வேண்டும்.

நம் சங்க அறை சனிக்கிழமை மாலைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. பிள்ளைகளை உட்கார வைத்து, முதலில் தமிழில் இரண்டு நிமிஷம், பிறகு அதையே ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் பேசச் சொல்லலாம். கமிட்டியார் சாவி கொடுத்தால் போதும். காபிச் செலவு என்னுடையது.

அதுவரை நண்பரின் பையன் என் வீட்டுக்கு வருகிறான். முதல் வாரம் எங்கள் தெருத் தண்ணீர் லாரியைப் பற்றித் தமிழில் பேசச் சொன்னேன். நாற்பது விநாடியில் நின்றுவிட்டான். சென்ற வாரம் ஆங்கிலத்திலேயே ஒன்றேகால் நிமிஷம் பேசினான், லாரிக்காரரோடு சண்டையும் சேர்த்து. மறுதேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறதாம்.