பேதுருவும் விழுந்தார்



இரட்சிக்கப்பட்டவர் மறுபடியும் பாவம் செய்யவே மாட்டார் என்ற சென்ற இதழ்க் கட்டுரையை வாசித்தேன். 1 யோவான் 3:9-ஐ ஆதாரம் காட்டும் கட்டுரையாளர், அதே நிருபத்தின் 1:8-ஐத் தொடவேயில்லை. பாவமில்லை என்று சொல்வது நம்மை நாமே வஞ்சிப்பது என யோவான் எழுதியது விசுவாசிகளுக்குத்தான்.

பேதுருவையே எடுத்துக்கொள்வோம். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர், பிற்பாடு அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுவந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார் (கலாத்தியர் 2). இரட்சிக்கப்படாதவர் என்று தள்ளவில்லை. தவற்றை மூடி மறைக்கவும் இல்லை.

அதற்காகக் கிருபை இருக்கிறதே என்று பாவத்தில் நிலைத்திருக்க ரோமர் 6 இடம் தரவில்லை. இடறி விழுவது வேறு, பாவத்திலேயே குடியிருப்பது வேறு. 1 யோவான் 3:9 சொல்வது இரண்டாவதைத்தான் என்பது என் எண்ணம்.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் ஆயரும் சபையாரும் சேர்ந்தே பாவ அறிக்கை செய்கிறோம். விசுவாசி விழவே மாட்டான் என்று போதித்தால், விழுந்தவர் யாரிடமும் வாய் திறக்கமாட்டார்; பாவத்தை ஒளித்துவைக்கத்தான் கற்றுக்கொள்வார்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை