பூட்டைக் கழற்றச் சொல்லும் வழிகாட்டிகள்



கலியாணப் புரோக்கருக்கு ஊரில் எல்லா வீட்டுக் கதையும் தெரியும். வீட்டுக் கருவிகளுக்கிடையில் செய்தி கடத்துகிற எம்க்யூடிடி புரோக்கரும் அப்படித்தான். கதவு எப்ப திறந்தது, எந்த அறையில் லைட் எரியுது, வீட்டில் ஆள் இருக்கா, எல்லாம் அதன் வழியாகத்தான் போகுது. கட்டுப்பாடு இல்லாத புரோக்கரிடம் '#' என்ற ஒற்றைக் குறியைக் கொடுத்தால், அத்தனையும் வந்து கொட்டும்.

எங்கட வீட்டைப் பெரிய கம்பனிகளுக்குக் காட்ட மனமில்லாமல்தான் நம்மில் பலர் ஹோம் அசிஸ்டன்ட், மொஸ்கிட்டோ என்று சொந்தமாக நிறுவுகிறோம். நல்ல விசயம். ஆனால் எதைப் பார்த்து நிறுவுகிறோம்?

2020 டிசம்பரில் வந்த மொஸ்கிட்டோ 2.0 ஒரு நல்ல மாற்றம் செய்தது. நாமாகச் சொல்லாவிட்டால் வெளிக் கருவிகளையோ கடவுச்சொல் இல்லாதவர்களையோ அது ஏற்காது. கனபேருக்குக் கருவிகள் இணையவில்லை. பல வழிகாட்டிகள் சொன்ன வைத்தியம்: 'பெயரில்லாமல் எவரும் வரலாம்' என்று ஒரு வரி சேர். வேலை செய்யும்தான். பூட்டுத் திறக்கேல்லை எண்டு கதவையே கழற்றி வைத்த மாதிரி.

பயனருக்குக் கவனமில்லை என்று சொல்வது சுலபம். ஷிப்ட் முடிந்து இரவு பதினொரு மணிக்கு உட்காருகிறவர் முதலில் காணும் வரியைத்தான் பிரதி எடுப்பார். ஆகவே அந்த முதல் வரி பாதுகாப்பானதாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். எது எதைப் படிக்கலாம் என்ற வரம்பு. 1883 போர்ட்டில் கடவுச்சொல் மறைப்பில்லாமல் போகும் என்ற எச்சரிக்கை, 8883இல் டிஎல்எஸ் அமைக்கும் படிகள். கடைசியில் ஒரு சோதனை: கடவுச்சொல் இல்லாமல் இணைந்து பாருங்கள், மறுக்க வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். ஒருவர் வீட்டை விட்டுப் போனால் என்ன செய்வது? பிரிந்துபோன துணைவர் பழைய கடவுச்சொல்லோடு, அவள் எப்ப வீட்டுக்கு வாறாள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால் அவரை மட்டும் நீக்க முடியாது. தனித்தனியாக இருந்தால் அந்தப் பெயரை அழித்து, புரோக்கரை மீளத் தொடக்கினால் போதும். இதை எழுதாத ஆவணம் யாருடைய பாதுகாப்பை நினைத்து எழுதப்பட்டது?

இதைத் திருத்த கோட் எழுதத் தெரியத் தேவையில்லை. மொஸ்கிட்டோவின் ஆவணங்களும் திறந்த மூலம்தான். நிறுவும்போது எங்கே தடக்குப்பட்டீர்களோ, அதை அன்றைக்கே எழுதி அனுப்புங்கோ. தமிழிலும் எழுதுங்கோ, அம்மாவும் படிக்கட்டும்.