இரவில் விழிக்கும் குழந்தையும் உறங்காத தாயும்

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரும் தாய்மார்கள், எல்லாம் முடிந்து புறப்படும் நேரத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள்: "டாக்டர், பிள்ளை எப்போ ராத்திரி தூங்கும்?" நான் வாய் திறப்பதற்குள், உடன் வந்த பெரியவர் ஒருவர் தீர்ப்பே வழங்கிவிடுவார்: "தாய்க்குப் பால் பத்தலை, அதான் அழுகுது."

அந்தக் கேள்வியைவிட இந்தத் தீர்ப்புதான் எனக்குக் கவலை தருகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரங்களிலிருந்து வரும் குழந்தைகள் பலருக்கு, எடை நன்றாகக் கூடிவரும் நிலையிலும் இரண்டாம் மாதத்திலேயே புட்டிப்பால் தொடங்கப்பட்டுவிடுகிறது. காரணம் பசியன்று; இரவு விழிப்பு. தாய்க்கோ தன் பாலின்மேலும் தன்மேலும் ஐயம் வந்துவிடுகிறது.

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்கும். ஆனால் இரவு எது, பகல் எது என்பதை அது இன்னும் அறியாது. பெரியவர்களின் உறக்கச் சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம். குழந்தைக்கு 50 நிமிடம் அளவே. ஒவ்வொரு சுழற்சி முடியும்போதும் அது விழிப்பின் விளிம்புக்கு வந்து செல்கிறது. இரைப்பையோ மிகச் சிறியது. தாய்ப்பால் விரைவில் செரிப்பது. பகலிரவை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் சுரப்பு, குழந்தையின் உடலில் மூன்றாம் மாத அளவில்தான் ஒழுங்குக்கு வருகிறது. அதுவரை தாயின் இரவுப் பாலில் உள்ள மெலடோனின் அதற்கு ஓரளவு கிடைக்கிறது. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினும் தாய்க்கு இரவில்தான் மிகுதி. ஆகவே இரவில் பாலூட்டுவது மறுநாளைய பாலையும் காக்கிறது.

மூன்று, நான்கு மாதங்களில் பல குழந்தைகள் ஒரே மூச்சில் நான்கைந்து மணி நேரம் உறங்கத் தொடங்குகின்றன. 1957-இல் லண்டனில் மூர், உக்கோ ஆகிய இருவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மூன்று மாதத்திற்குள் சுமார் 70 விழுக்காட்டுக் குழந்தைகள் 'இரவில் அடங்கிவிட்டன' என்று காண்கிறோம். அவர்கள் கொண்ட இலக்கணத்தைக் கவனியுங்கள்: நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எழுப்பாமல் இருப்பது. ஐந்து மணி நேரம், அவ்வளவே! இரவு பத்து முதல் காலை ஆறு வரை என்று நாம் எதிர்பார்ப்பது வேறு கணக்கு. 2018-இல் கனடாவில் வெளியான ஆய்வு, ஆறு மாதக் குழந்தைகளில் 38 விழுக்காட்டினர் தொடர்ந்து ஆறு மணி நேரம்கூட உறங்கவில்லை என்றது; ஒரு வயதிலும் 28 விழுக்காட்டினர் அப்படியே. அந்தக் குழந்தைகளின் வளர்ச்சியில் எந்தக் குறையும் காணப்படவில்லை.

புட்டிப்பால் கொடுத்தால் உறங்கும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். 2015-இல் பிரிட்டனில் ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையிலான குழந்தைகளின் தாய்மாரிடம் கேட்டபோது, 78 விழுக்காட்டினர் தம் குழந்தை இரவில் ஒருமுறையேனும் விழிப்பதாகக் கூறினர். தாய்ப்பால் குடித்த குழந்தைக்கும் புட்டிப்பால் குடித்த குழந்தைக்கும் இதில் வேறுபாடில்லை. பால் போதுமா என்பதற்குச் சான்று எடையும் சிறுநீரும்தான். நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, முதல் மூன்று மாதங்களில் அன்றாடம் 20 முதல் 30 கிராம் வரை எடை கூடினால் பால் போதும். இரவு அழுகை அதற்குச் சான்றாகாது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் இரண்டு வாரங்களில் "பிள்ளை தொந்தரவே இல்லை, தூங்கிக்கொண்டே இருக்கிறது" என்று ஒரு குடும்பம் மகிழ்ந்து சொன்னால், நான் மகிழ்வதில்லை. உடனே எடை பார்க்கிறேன், மஞ்சள் காமாலை உண்டா என்று பார்க்கிறேன். பிறப்பு எடையை மீண்டும் எட்டும் வரை, பால் குடிக்காமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் உறங்கும் குழந்தையை எழுப்பிப் பாலூட்ட வேண்டும். எழுப்பியும் சப்பாத குழந்தையை அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள்.

உறங்க வைக்கும் மருந்துகளைப் பற்றி மென்மையாகப் பேச எனக்கு மனமில்லை. சாதிக்காயும் வசம்பும் உரைத்துச் சங்கில் புகட்டும் உரைமருந்து இன்றும் பல வீடுகளில் உண்டு. வசம்பைக் குழந்தையின் கையில் வளையாகக் கட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கு வழக்கில்லை (வாயில் வைக்காத வரை). புகட்டினால் அளவு யாருக்கும் தெரியாது. கூடினால் வாந்தியும் மயக்கமும் வரும். அதைவிடக் கொடியது, கடையில் கேட்டு வாங்கும் சளி மருந்து. அதிலுள்ள குளோர்பெனிரமின் தூக்கம் தரும் என்பதற்காகவே சிலர் கொடுக்கிறார்கள். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று புட்டியிலேயே அச்சிடும்படி, 2023 டிசம்பரில் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை ஆணையிட்டது.

சேலைத் தொட்டிலை நான் பழிக்கவில்லை. பகலில், ஒருவர் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளும்போது அது இருக்கட்டும். துணியின் குழிவில் முகவாய் மார்பில் படிந்தால் சிறு குழந்தைக்கு மூச்சுப் பாதை நெருங்கும். எனவே இரவு நெடுநேர உறக்கத்துக்குச் சமமான, உறுதியான படுக்கையில், தாயின் அறையிலேயே மல்லாந்து படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். பிரிட்டன் 1991 முதல் மல்லாந்து படுக்க வைக்கும்படி இயக்கம் நடத்திய பின், அங்கு உறக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன.

ஆக, குழந்தையிடம் திருத்த வேண்டியது பெரும்பாலும் ஒன்றுமில்லை. திருத்த வேண்டியது வீட்டின் இரவு ஏற்பாடு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு சென்ற பெண்ணுக்கு அங்கே இரவில் பிள்ளையை வாங்கிக்கொள்ள அம்மா இருக்கிறார். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்கு அழைத்து வருகிறோம். குழந்தையின் உறக்கம் மாறிக்கொண்டிருக்கும் காலமும் அதுவே. நான்காம் மாத அளவில் பல குழந்தைகள் மீண்டும் அடிக்கடி விழிக்கும். "அங்கே நன்றாகத் தூங்கியது, இங்கே வந்ததும் கெட்டுவிட்டது" என்ற பேச்சு எழ, இரு வீடுகளுக்கும் நடுவில் பழி அந்தப் பெண்ணின் தலையில் விழுகிறது.

வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைத் தந்தது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். நல்லதே. ஆனால் சத்திரப்பட்டியில் வீட்டோடு பேண்டேஜ் துணி நெய்யும் பெண்ணுக்கும் கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கும் விடுப்புத் தருபவர் எவர்? அவர்களுக்கு வீட்டார்தான் தர முடியும்.

தாலாட்டு பெண்ணின் வேலை என்று எண்ணும் தந்தையர்க்கு ஸ்ரீவில்லிபுத்தூரையே சான்றாகக் காட்டுவேன். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள பழைய தாலாட்டுகளுள் ஒன்றைப் பாடியவர் இவ்வூர்ப் பெரியாழ்வார். ஆண்டாளைக் கண்டெடுத்து வளர்த்த தந்தை. இரவில் தந்தை பாலூட்ட முடியாதுதான். ஈரத்துணி மாற்றலாம், தூக்கி வந்து தாயிடம் கொடுத்து, குடித்து முடித்ததும் தோளில் சாய்த்துத் தட்டி, மீண்டும் உறங்க வைக்கலாம். மில்லில் நள்ளிரவு ஷிப்ட் முடித்து வருபவர் அதற்குப் பின் ஒரு மணி நேரம் பார்க்கலாம். இரவு ஷிப்டுக்குச் செல்பவர் மாலையில் பிள்ளையை வாங்கிக்கொண்டு தாயை ஏழு மணிக்கே படுக்க அனுப்பலாம். ஒரு நாளில் தாய்க்கு ஒரே மூச்சாக நான்கு மணி நேர உறக்கம் கிடைக்கிறதா என்பதையே வீட்டார் கணக்குப் பார்க்க வேண்டும்.

குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வரவில்லை, காரணமின்றி அழுகிறார், பிள்ளைமேல் ஒட்டுதல் இல்லை, வாழ்வே வேண்டாம் என்கிறார் என்றால் அது சோம்பலோ திமிரோ அன்று. பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு. இந்தியத் தாய்மாரில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது வருகிறது. மருந்தும் உண்டு, குணமும் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது என்னிடமும் சொல்லலாம். அப்போது குழந்தையின் எடையைக் கேட்பதற்கு முன், தாய் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று வீட்டாரிடம் கேட்பேன்.