ஆராய்ச்சி மணி எங்கே?



கன்றை இழந்த பசு, ஆராய்ச்சி மணியை அடித்து மனுநீதிச் சோழனிடம் நீதி கேட்ட கதை உங்களுக்குத் தெரியும். அதன் நினைவாகத் திருவாரூரில் கல்தேரே இருக்கிறது. இன்று ஒரு மாடு மணியடித்தால் என்ன நீதி கிடைக்கும்?

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டிலேயே விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மாட்டை அடித்துத் துன்புறுத்துவதும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதும் குற்றம். முதல் முறை செய்தால் தண்டனை என்ன தெரியுமா? 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம்! அந்தத் தொகை இன்னும் மாறவில்லை.

உயிர்களிடம் இரக்கம் காட்டுவது நம் கடமை என்கிறது அரசியலமைப்புச் சட்டம். 'வதைபடாமல் வாழ்வது விலங்கின் உரிமை' என்றும் எழுதினால் என்ன? விலங்குகளுக்கு அடிப்படை உரிமை வழங்கிய முன்னுதாரணம் இல்லை என்று 2023-இல் ஜல்லிக்கட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, சட்டம் இயற்றுவோர்தாம் வழி செய்ய வேண்டும்.

"கடமை அறியாத விலங்குக்கு உரிமை எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். தொட்டில் குழந்தைக்கும் கடமை தெரியாது. அதற்காக அதை அடிக்க விடுவோமா? வலியை உணரும் உயிருக்குப் பாதுகாப்பு தருவதுதான் நியாயம்.

விலங்குகள் ஓட்டுப் போடா, மனுவும் கொடா. நாளை சட்டம் இயற்றப் போகிறவர்கள் நீங்கள்தான். அதுவரை, தெருநாய் மீது கல்லெறியும் நண்பனின் கையைப் பிடித்துத் தடுங்கள். அந்த ஆராய்ச்சி மணி நீங்களாகவே இருங்கள்!