டேப்லெட்டுக்கு எந்த சிம்? போனில் இருப்பதையே வாங்காதீங்க!

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை முடிகிறது. டேப்லெட்டில் எடுத்த படங்கள் உடனே பையருக்குப் போக வேண்டும். ஆனால், லோடிங் சுத்திக்கிட்டே இருக்கு. போனில் ஹாட்ஸ்பாட் போட்டாலும் அதே கதைதான். காரணம், இரண்டிலும் ஒரே நெட்வொர்க்!

போனில் ஜியோ இருந்தால் டேப்லெட்டுக்கு ஏர்டெல், ஏர்டெல் இருந்தால் ஜியோ என்று மாற்றி எடுப்பதே புத்திசாலித்தனம். ஒன்று படுத்தால் இன்னொன்று பெரும்பாலும் கைகொடுக்கும்.

நிறுவனங்களின் இணையதளத்தில் கவரேஜ் மேப் இருக்கிறது. ஆனால், தகர ஷெட்டுக்குள் சிக்னல் வருமா என்று அது சொல்லாது. நண்பரின் போனை வாங்கி, வேலை செய்யும் இடத்திலேயே சோதித்துப் பாருங்கள். ஏனெனில், புது சிம்மை 90 நாள் கழித்துத்தான் போர்ட் செய்ய முடியும்.

இன்னும் இரண்டு விஷயம். ஜியோவின் 5ஜி 'ஸ்டேண்ட்அலோன்' வகை. உங்கள் டேப்லெட் அதை ஆதரிக்காவிட்டால் 4ஜிதான் கிடைக்கும். ஐபேடில் சாதாரண அழைப்போ எஸ்.எம்.எஸ்ஸோ வராது. அதனால் பேங்க் ஓ.டி.பி. வரும் நம்பரை அதில் போட்டுடாதீங்க.

விளம்பரத்தைப் பார்த்து அல்ல, ஷெட்டுக்குள் சிக்னலைப் பார்த்து சிம் வாங்குங்கள்!